உரத்தொட்டி நாறினால் என்ன செய்வது? வீட்டு உரத்தில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

வீட்டில் காய்கறிக் கழிவை உரமாக்கத் தொடங்குகிறவர்களில் பலர் ஒன்றிரண்டு மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். காரணம் கேட்டால் நாற்றம், புழு, ஈ, பக்கத்து வீட்டுக்காரரோடு மனஸ்தாபம் என்று வரிசையாகச் சொல்வார்கள். தொட்டி மொட்டை மாடி மூலையில் ஒதுங்கிவிடும். காய்த்தோலும் பழத்தோலும் பழையபடி குப்பை வண்டியில் ஏறிவிடும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை அரை மணி நேர வேலையில் சரியாகிவிடக் கூடியவை.

வண்டியில் ஏறும் கழிவு எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மட்டும் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. பிரித்துக் கொடுக்காத குப்பையின் பெரும்பகுதி கொடுங்கையூர், பெருங்குடி கிடங்குகளுக்குப் போய்ச் சேர்ந்து மலையாகிவிட்டது. அந்த மலைக்குள் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் சோறும் காய்கறியும் அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். கார்பன் டை ஆக்சைடோடு ஒப்பிட்டால், ஒரு கிலோ மீத்தேன் 100 ஆண்டுக் கணக்கில் சுமார் 27 மடங்கும் 20 ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கு பல நாள் புகைந்து எரிந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒருமுறை பிடித்த தீயை அணைய விடாமல் வைத்திருப்பதில் இந்த வாயுவுக்கும் பங்கு உண்டு. நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. மீத்தேன் வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுதான் தங்கும். இன்று குறைத்தால் அதன் பலனை நம் காலத்திலேயே பார்க்கலாம்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கழிவைத் தொட்டியில் போட்டுவிட்டாலே புவி வெப்பம் குறைந்துவிடாது. சொதசொதவென்று காற்றில்லாமல் கிடக்கும் தொட்டியும் மீத்தேன் விடும். பன்னாட்டுக் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2006-இல் வெளியிட்ட கணக்கு முறையில், ஒரு கிலோ ஈரக் கழிவை உரமாக்கும்போது வெளியாகும் மீத்தேன் 0.03 கிராமிலிருந்து 8 கிராம் வரை இருக்கலாம் என்று போட்டிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். நம் தொட்டி அதில் எந்தப் பக்கம் இருக்கும் என்பது பெரும்பாலும் அதற்குள் காற்றுப் போகிறதா என்பதைப் பொறுத்தது. மீத்தேனுக்கு மணம் கிடையாது, அது வருவதை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அது உண்டாகும் அதே நிலையில்தான் நாற்றமடிக்கும் மற்ற வாயுக்களும் உண்டாகின்றன. அதனால் நாற்றத்தைப் போக்குவது பக்கத்து வீட்டுக்காரருக்காக மட்டும் செய்கிற வேலை என்று நினைக்காதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

கையுறை போட்டுக்கொண்டு தொட்டியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. தண்ணீர் ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு. மேல்பகுதியைப் பிழிந்து பார்ப்பதில் பயனில்லை, அது எப்போதும் காய்ந்துதான் இருக்கும்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. காய்கறி, பழக் கழிவில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு தண்ணீர். தர்பூசணியில் 90-க்கும் மேல். ஒரு கிலோ கழிவைப் போட்டால் 800 கிராமுக்குக் குறையாமல் தண்ணீரைப் போடுகிறோம் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் ஒன்று ஆவியாக வேண்டும், இல்லை கீழே வடிய வேண்டும், இல்லை ஏதாவது ஒரு காய்ந்த பொருள் அதைக் குடிக்க வேண்டும். மூன்றும் நடக்காத தொட்டியில்தான் கீழே சொல்லும் கோளாறுகளில் பாதி வருகின்றன.

அழுகின முட்டை நாற்றம், சாக்கடை நாற்றம்

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். கிளறினால் அடியில் கறுப்பாக, வழவழப்பாக, கூழ்போல இருக்கும். காற்று தீர்ந்துபோய், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று புரிந்துகொள்ளுங்கள். முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. மீத்தேனும் கூடவே வந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

மேலே கோகோபீட்டை (தென்னை நார்த்தூளை) கொட்டி மூடி நாற்றத்தை அமுக்குவதுதான் பலரும் செய்வது. நாற்றம் இரண்டு நாள் அடங்கும், அடியில் எதுவும் மாறாது. முழுவதையும் வெளியே எடுங்கள். ஒரு பழைய சாக்கையோ தார்ப்பாயையோ விரித்து அதில் கொட்டிப் பரப்பி, ஒரு மணி நேரம் நிழலில் ஆற விடுங்கள். பரப்பும்போது நாற்றம் இன்னும் கூடும், அது பத்து இருபது நிமிடத்தில் அடங்கிவிடும். அண்டை வீட்டில் துணி காயும் நேரமாகப் பார்த்துச் செய்யாதீர்கள்.

அதற்குள் காலித் தொட்டியைப் பாருங்கள். அடியிலும் பக்கவாட்டிலும் துளை இருக்கிறதா? துளை அடைத்திருக்கிறதா? பெயின்ட் வாளியில் செய்கிறவர்கள் அடியில் மட்டும் நாலைந்து துளை போட்டு நிறுத்திவிடுகிறார்கள். பக்கவாட்டில், கையகலத்துக்கு ஒன்றாகச் சுற்றிலும் துளை வேண்டும். தொட்டியைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சுள்ளி, தேங்காய் மட்டைத் துண்டு, கரும்புச் சக்கை போன்ற முரட்டுப் பொருளைப் போடுங்கள். தண்ணீர் வடியவும் காற்று ஏறவும் அந்த அடுக்குதான் வழிவிடும்.

இனி, ஆறின கழிவில் அதே அளவு காய்ந்த இலையைச் சேர்த்துப் பிசறி, மறுபடி பிழிந்து பாருங்கள். ஈரம் இன்னும் அதிகமென்றால் இன்னும் இலை. சரியானதும் அமுக்காமல் தொட்டியில் நிரப்புங்கள். மூன்று நாளைக்குப் புதுக் கழிவு வேண்டாம். அதன்பின் தினமும் ஒரு கிண்ணம் கழிவுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிண்ணம் நொறுக்கிய சருகு, வாரம் இரண்டு முறை கிளறல். இதை விடாமல் செய்தால் இந்த நாற்றம் பெரும்பாலும் திரும்பாது.

சருகுக்கு எங்கே போவது என்பதுதான் நகரத்தில் உண்மையான கஷ்டம். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் அரசும் இலை கொட்டும். அப்போது தெருவில் அள்ளிக் குவித்த சருகைச் சில இடங்களில் கொளுத்திவிடுகிறார்கள். பெருக்கும் தூய்மைப் பணியாளரிடம் சொல்லி வைத்தால் சாக்கில் கட்டிக் கொடுப்பார். நாலைந்து சாக்கு சேர்த்து மழைபடாத இடத்தில் வைத்தால் ஒரு வீட்டுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையையும் தாண்டி வரும். மா இலை, நாட்டு வாதுமை இலை ஆகியவற்றை அப்படியே போட்டால் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். மிதித்து நொறுக்கிப் போடுங்கள்.

மூக்கைச் சுடும் நெடி

மாட்டுக் கொட்டகைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு நெடி, கண்ணும் எரியும் என்றால் அது அமோனியா. கழிவில் நைட்ரஜன் கூடிப்போய்விட்டது. பருப்பு, முளைகட்டிய பயறு, கீரை, புல் வெட்டு, சாணம், காபித்தூள் சக்கை போன்றவை அதிகம் சேர்ந்தால் இப்படி ஆகும். நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை. அது கிடைக்காதபோது மிச்ச நைட்ரஜன் அமோனியாவாகக் கிளம்பிவிடும். உரத்தின் சத்து காற்றோடு போகிறது என்று அர்த்தம். அதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறினால் நிலைமை இன்னும் மோசம், அது கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு.

நெடிக்கு இன்னொரு காரணம் நம் கையால் வருவது. நாற்றம் போகட்டும் என்று சாம்பலும் சுண்ணாம்பும் அள்ளிப் போடுவார்கள். இரண்டும் காரத்தன்மையைக் கூட்டி, உள்ளே இருக்கும் நைட்ரஜனை அமோனியாவாக விரட்டிவிடும். சாம்பலை நிறுத்துங்கள். நொறுக்கிய சருகு, கிழித்த அட்டைப்பெட்டி, கொஞ்சம் மரத்தூள் ஆகியவற்றைக் கலந்து கிளறுங்கள். மரத்தூளை மட்டும் நம்ப வேண்டாம், அது கெட்டியாகப் படியும். மக்கவும் நாளாகும்.

புளித்த வாடை

பழைய சோறு, இட்லி மாவு மிச்சம், பழக்கூழ் அதிகமாகப் போனால் வரும். சோறு கட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே காற்று விடாமல் செய்துவிடும். கட்டியை உடைத்து, சருகு கலந்து, முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுங்கள். ஒரு வாரம் சோறு போடாதீர்கள். சாம்பார், குழம்பு, ரசம் வடித்த திப்பி என்றால் தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போட வேண்டும். உப்பு தொட்டியிலேயே தங்கி, கடைசியில் செடியின் இலை நுனியைக் கருக்கும். ஊறுகாயும் கருவாடும் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

புழு நெளிகிறது

உரமாக்குவதை நிறுத்தியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் இந்தக் காரணத்தைச் சொல்வார்கள். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், எல்லாப் புழுவும் ஒன்றில்லை.

தட்டையாக, வரிவரியாக, மங்கின பழுப்பு நிறத்தில், தடித்த தோலோடு, விரல் நகத்தைவிட நீளமாக இருந்தால் அது கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. முதிர்ந்தால் கறுத்து, தொட்டியை விட்டு ஊர்ந்து வெளியேறும். இந்தப் புழு இரவு பகலாகக் கழிவைத் தின்று, கிளறி, நாம் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. இவை பெருகிய இடத்தில் வீட்டு ஈ குறையும். வளர்ந்த ஈ பார்க்கக் குளவி மாதிரி இருந்தாலும் கொட்டாது, கடிக்காது, நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. இந்தப் புழுவை ஆயிரக்கணக்கில் வளர்த்துக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக்குகிறார்கள். தொட்டியில் வந்தால் மருந்தடித்துக் கொல்லாதீர்கள். பார்க்கச் சகிக்கவில்லை என்றால் மேலே மூன்று விரல் கனத்துக்குச் சருகு போர்த்துங்கள், சமைத்த உணவைக் குறையுங்கள். ஈரம் குறையக் குறைய அவையும் குறையும். ஊர்ந்து வெளியே வருவதைத் தடுக்க மூடியின் உள்பக்கம் ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். ஈரச்சுவரில்தான் அவை சுலபமாக ஏறும்.

வெள்ளையாக, ஒரு முனை கூராக, சின்னதாக, வழுவழுப்பாகக் கும்பலாக இருந்தால் அது வீட்டு ஈயின் புழு. கறி, மீன் கழிவோ மூடாத சோறோ உள்ளே போயிருக்கிறது. அந்தப் பகுதியைத் தோண்டி எடுத்து வெயிலில் பரப்புங்கள், காக்கையும் மைனாவும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மூடியில் கொசுவலை கட்டுங்கள்.

சின்ன ஈக்கள் மொய்க்கின்றன

மாம்பழக் காலத்தில் இது தவிர்க்க முடியாதது. பழ ஈயின் முட்டை தோலோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பழத்தோலை இரண்டு மணி நேரம் கொதிக்கும் வெயிலில் உலர்த்தி, அல்லது ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போட்டால் வெகுவாகக் குறையும். தொட்டியில் போட்டதை எப்போதும் சருகுக்குக் கீழே புதையுங்கள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் வைத்தால் வந்து விழும்.

எறும்பு

தொட்டி காய்ந்திருக்கிறது. தண்ணீரோ புளித்த மோரோ தெளித்துக் கிளறுங்கள், போய்விடும். எறும்பு மருந்து தூவ வேண்டாம்.

எலி, பெருச்சாளி

கறி, மீன், எலும்பு, எண்ணெய்ப் பலகாரம் ஆகியவை உள்ளே போகாவிட்டால் வரவே யோசிக்கும். தரையில் வைத்த தொட்டிக்கு அடியிலும் துளைகளுக்கும் கால் அங்குலக் கம்பி வலை அடியுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிடும்.

அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறது

கொஞ்சம் வடிவது இயல்பு. தினமும் அரை டம்ளருக்கு மேல் வந்தால் சருகு போதவில்லை. பழுப்பாக, அதிக நாற்றமில்லாமல் இருந்தால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிக்கு, மரத்துக்கு ஊற்றலாம். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு வேண்டாம். நாறும் தண்ணீரை எந்தச் செடிக்கும் ஊற்றாமல் சருகு மூட்டையில் ஊற்றி உலர விடுங்கள். எதுவானாலும் தட்டைத் தினமும் காலி செய்யுங்கள். மழைத் தண்ணீர் அதில் நின்றால் கொசு முட்டையிடும், ஊரில் டெங்கு பரவுவதும் மழை மாதங்களில்தான்.

அடைமழை நாளில் மாடித் தொட்டிக்கு மேலே ஒரு கூரைத் தகடு வேண்டும். பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினால் மழை வராது, காற்றும் வராது. நாலு செங்கல் மேல் தகட்டை வைத்தால் இரண்டும் சரியாகிவிடும்.

மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது

பிழிந்து பார்த்தால் பெரும்பாலும் உதிரும். சித்திரை வெயிலில் மண்பானைத் தொட்டி இரண்டு நாளில் காய்ந்துவிடும். தண்ணீர் தெளித்து நிழலுக்கு மாற்றுங்கள். ஈரம் சரியாக இருந்தும் நகரவில்லையென்றால் பச்சைக் கழிவு போதவில்லை. சருகும் அட்டையும் மட்டும் இருந்தால் நுண்ணுயிர் பட்டினி கிடக்கும். காய்த்தோல், கொஞ்சம் சாணிக் கரைசல் சேர்த்துக் கிளறுங்கள்.

நுண்ணுயிர்ப் பொடி வாங்கிப் போட வேண்டுமா என்று கேட்பார்கள். தேவையில்லை என்பதே என் கருத்து. ஏற்கெனவே மக்கின உரம் ஒரு கைப்பிடி, அல்லது தோட்டத்து மண், அல்லது புளித்த மோர் போதும். ஈரமும் காற்றும் சரியில்லாத தொட்டியில் எந்தப் பொடியாலும் வேலை ஆகாது.

தொட்டி சூடாகவில்லை என்று கவலைப்பட வேண்டாம். 55 முதல் 65 டிகிரி வெப்பம் வர வேண்டுமானால் குவியல் ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடி இருக்க வேண்டும். இருபது லிட்டர் வாளி அந்தச் சூட்டைத் தக்கவைக்காது. மெதுவாக மக்கும், இரண்டரை மூன்று மாதம் ஆகும். சூடு ஏறாததால் தக்காளி, பூசணி விதைகளும் சாகாமல் உரத்திலிருந்தே முளைக்கும். பிடுங்கி நட்டுக்கொள்ளலாம்.

சில பொருள்கள் மக்காமல் கிடப்பது கோளாறே இல்லை. இளநீர்க் கூடு, மாங்கொட்டை, முருங்கைக் கோது, கரும்புக் கணு எல்லாம் ஒரு சுற்றில் மக்காது. கோகோபீட்டும் அப்படித்தான். அதில் மரத்தன்மையான லிக்னின் அதிகம், தண்ணீரைக் குடிக்கும் வேலையை நன்றாகச் செய்யும், ஆனால் எளிதில் மக்காது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னை நார்க்கழிவை மக்கவைக்கச் சிப்பிக்காளானையும் யூரியாவையும் பரிந்துரைப்பது இதனால்தான். ‘மக்கும் பை’ என்று அச்சடித்த பைகளும் வீட்டுத் தொட்டியில் மக்காது. அவற்றுக்கு ஆலை உரக்கூடத்தில் வரும் ஏறக்குறைய 58 டிகிரிச் சூடு வேண்டும்.

வெள்ளைப் பூஞ்சை

சாம்பல் தூவினதுபோல, நூல்நூலாக வெள்ளை படர்ந்தால் விட்டுவிடுங்கள். பூஞ்சையும் அதுபோன்ற பாக்டீரியாவும் முரட்டு இலையை உடைக்கின்றன. மழை பெய்த மண்வாசனை அந்தப் பாக்டீரியாவிலிருந்துதான் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் கிளறும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுக்ககத்தின் இயந்திர உரம் நனைத்தால் நாறுகிறது

‘24 மணி நேரத்தில் உரம்’ என்று சொல்லி விற்கும் மின் இயந்திரங்களை வாங்கிய குடியிருப்புகளில் இதைக் கேட்கலாம். காலையில் பழுப்புத் தூளாக வரும், பார்க்க அழகாக இருக்கும். தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் இரண்டாம் நாள் நாற்றம், பூஞ்சை, ஈ. பெரும்பாலும் அந்த இயந்திரம் கழிவை அரைத்து உலர்த்தியிருக்கிறது, மக்கவைக்கவில்லை. ஒரு நாளில் மக்கல் முடியாது. அந்தத் தூளைச் சருகும் தண்ணீரும் சேர்த்து இன்னும் நாலைந்து வாரம் குவியலாக வைத்துக் கிளறினால்தான் உரமாகும்.

மின்சாரத்தையும் கணக்குப் போட வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேல் ஆகும். ஒரு கிலோ காய்கறிக் கழிவை உலர்த்தவே அரை யூனிட் போய்விடும். நம் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருகிறது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் குடியிருப்புகளை 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் தனியாகப் பிரித்து, மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்திலேயே கையாளச் சொல்லின. அப்படிப்பட்ட இடத்தில் நான் கம்பி வலைத் தொட்டிகளைத்தான் பரிந்துரைப்பேன். குவியல் நாலடிக்கு மேல் உயர வேண்டாம், தன் எடையிலேயே அமுங்கி நடுப்பகுதி மூச்சுத் திணறும். துளையிட்ட பிவிசி குழாயை நடுவில் நிறுத்தி வாரம் ஒருமுறை புரட்டினால் போதும். ஆயுத பூஜைக்கு அடுத்த நாள் வரும் வாழைக்கன்று, பூசணி எல்லாவற்றையும் நறுக்காமல் போட்டுவிட்டால் அந்தக் குவியல் மாதம் முழுக்கத் தண்ணீர் விடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உரம் போட்ட செடி மஞ்சளாகிறது

உரம் பழுக்கவில்லை. பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும் உள்ளே நுண்ணுயிர்கள் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால், மண்ணில் உள்ள நைட்ரஜனையே எடுத்துத் தங்களுக்குப் பயன்படுத்தும். செடிக்குக் கிடைக்காது. வேர் அருகில் அமிலமும் அமோனியாவும் வேறு.

சந்தேகம் இருந்தால் இரண்டு சோதனை செய்யுங்கள். ஈரமான உரத்தைக் காற்றுப் புகாத பையில் மூடி ஒரு வாரம் வைத்துத் திறந்து முகருங்கள். மண்வாசனை என்றால் தயார், புளிப்போ நெடியோ என்றால் இன்னும் மூன்று வாரம். இன்னொன்று, ஒரு சின்னத் தொட்டியில் உரமும் இன்னொன்றில் சாதாரண மண்ணும் எடுத்து இரண்டிலும் பத்துப் பத்து வெந்தயம் விதையுங்கள். உரத்தில் மிகக் குறைவாக முளைத்தால் காத்திருக்க வேண்டும்.

பழுத்த உரத்தையும் தனியாகப் போட்டுச் செடி நட வேண்டாம். மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு போதும். போடுமுன் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையில் தங்கும் சுள்ளி, மாங்கொட்டை, பாதி மக்கின மட்டையை எறியாமல் அடுத்த தொட்டியின் அடியில் முரட்டு அடுக்காகப் போடுங்கள், அதில் ஏற்கெனவே குடியேறிய நுண்ணுயிர்கள் புதுக் கழிவில் வேலையைச் சீக்கிரம் தொடங்கிவிடும்.